ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

அதிகாலை நாலரை மணி. திருவான்மியூர் சிக்னலில் மஞ்சள் விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பால் வேன், பேப்பர் கட்டு, காய்கறி ஏற்றிய குட்டி யானை என்று ஊர் எழுவதற்கு முன் எழுந்தாக வேண்டியவர்கள் மட்டும் நடமாடும் நேரம். அவர்களுக்கு நடுவே இன்னொரு கூட்டமும் வந்து சேரும். தலையில் ஹெல்மெட். உடம்போடு ஒட்டிய சட்டை. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டு விரலால் தூக்கிவிடலாம் போலிருக்கும் சைக்கிள்.

யார் இவர்கள்? ஒருவர் மயிலாப்பூர் ஆடிட்டராக இருப்பார். இன்னொருவர் தி.நகரில் பல் டாக்டர். அடையாறிலிருந்து வரும் பெண்மணி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். யாருக்கும் சைக்கிள் சோறு போடவில்லை. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று மிதிப்பார்கள். போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரை நெருங்கும். வெயில் ஏறுவதற்குள், பிக்னிக் கார்கள் ரோட்டைப் பிடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் இட்லி, பொங்கல், ஒரு காபி. அடுத்த மாதப் போட்டிக்கு இதுதான் பயிற்சி.

இது வெளியே தெரிகிற காட்சி. வீட்டுக்குள்ளே? அதே நாலரை மணிக்கு, கதவு சாத்திய சத்தத்தில் ஒரு குழந்தை சிணுங்கியிருக்கும். யாரோ ஒருவர் அரைத் தூக்கத்தில் அதைத் தட்டித் தூங்கப் பண்ணியிருப்பார். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்து, அடுப்பைப் பற்றவைத்து, பாட்டியின் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருப்பார். பந்தயத்தின் வரலாறு எழுதப்பட்ட புத்தகங்களில் அந்த ‘யாரோ’வுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. கொஞ்சம் தேடிப் பார்ப்போம்.

* * *

முதலில் ஒரு வார்த்தைப் பிரச்னை. நம் ஊரில் ‘பைக் ரேஸ்’ என்று சொன்னால் வீட்டில் அம்மாக்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும். பைக் என்றால் நமக்கு மோட்டார் பைக்தான். ஒரு தலைமுறைக்கு அது சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைப் பார்க்க சென்னை திரண்டு போகும். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. அதெல்லாம் பெட்ரோல் குடிக்கும் பைக். காசைச் செலவழிக்கும்.

மிதிக்கிற பைக் வேறு ஒன்றைக் கேட்கும். நேரம்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56 போயிற்று. ஆபீஸும் சென்னை டிராஃபிக்கும் சேர்ந்து, ஆறு நாளுக்கு 66. மிச்சம் 46. குளியல், சாப்பாடு, பேங்க், மின்சார பில், பள்ளிக்கூட பெற்றோர் கூட்டம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் இந்த 46-க்குள் அடங்க வேண்டும். போட்டியில் மானமாக மிதிக்க நினைக்கிறவர் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது சைக்கிள் மேல் உட்கார வேண்டும். 46-ல் 10 போனால், வீட்டுக்கு மிஞ்சுவது 36. வருஷத்துக்கு 520 மணி நேரம். அதாவது, ராத்திரி பகல் சேர்த்து முழுசாக 21 நாளுக்கு மேல் ஆள் வீட்டில் இல்லை என்று அர்த்தம்.

இதில் ‘பிரெவே’ என்கிற நெடுந்தூர சவாரிப் பழக்கமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பிரான்ஸிலிருந்து வந்த முறை. பந்தயம் இல்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கெடு உண்டு. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி. 400-க்கு 27. 600-க்கு 40. நாலையும் ஒரே சீசனில் முடித்தவருக்கு ‘சூப்பர் ரான்டனூர்’ என்று பட்டம். கெடுவையெல்லாம் கூட்டினால் நூறரை மணி நேரம். 600 கிலோமீட்டருக்குக் கிளம்பியவர் சனிக்கிழமை விடியலில் போய், ஞாயிறு ராத்திரி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிவார். “பையனுக்கு நாளைக்கு கணக்குப் பரீட்சைங்க” என்று வீட்டுக்காரம்மா சொல்வது அவர் காதில் விழாது.

இந்த நேரம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து வராது. வீட்டில் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. கடன்.

* * *

கடன் கொடுத்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததில் ஒரு வார்த்தைக்குப் பெரிய பங்கு உண்டு. ‘அமெச்சூர்.’

லத்தீன் வேர். நேசிப்பவன் என்று பொருள். காசுக்காக இல்லாமல் ஆசைக்காக விளையாடுகிறவன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த வார்த்தைக்கு நிஜ அர்த்தம் வேறு. 1866-ல் லண்டனில் அமெச்சூர் அத்லெடிக் கிளப் தொடங்கினார்கள். மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்று அந்தக் காலத்து விதி சொன்னது. உடம்பை வைத்துப் பிழைக்கிறவனுக்கு உடம்பில் அனுகூலம் இருக்குமாம். அதனால் கூடாதாம்!

படகுப் போட்டியிலும் இதே கதை. அமெரிக்காவின் ஜான் கெல்லி செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தவர். 1920-ல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டிக்கு விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். அவர் சேர்ந்திருந்த கிளப்பின் மேல் இருந்த பழைய தடையோடு, அவர் கையால் வேலை செய்தவர் என்பதும் சேர்ந்துகொண்டது. மனுஷன் அதே வருஷம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கினார். அவருடைய மகன் 1947-ல் அதே ஹென்லிக்குப் போய் ஜெயித்துக் காட்டினார். மகள்தான் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி.

இந்த விதிக்குப் பின்னால் இருந்த உண்மை எளிமையானது. சம்பளம் வாங்காமல் தினமும் பயிற்சி செய்ய வேண்டுமென்றால், வேறு யாரோ சம்பாதிக்க வேண்டும். வேறு யாரோ சமைக்க வேண்டும். பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து கனவான் வீட்டில் இதெல்லாம் தானாக நடந்தது. நேசிப்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது. ஏனென்றால், பின்கட்டில் வேலைக்காரர்கள் இருந்தார்கள்.

சரி, பின்கட்டு இல்லாதவன் எப்போது மிதிப்பது?

பதில் 1895-ல் கிடைத்தது. இங்கிலாந்தில் சாலைப் பந்தயத்துக்கு எதிர்ப்பு பலமாக இருந்த காலம். கூட்டமாகச் சைக்கிளில் பறப்பவர்களைக் கண்டு குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் திட்டினார்கள். போலீஸ் முறைத்தது. 1894-ல் ஒரு பந்தயத்தில் குதிரை வண்டியோடு தகராறாகி, சைக்கிள்காரர்கள் பள்ளத்தில் விழுந்த சம்பவமும் நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஃபிரெடெரிக் பிட்லேக். விழுந்து எழுந்தவர் யோசித்தார். எல்லோரும் சேர்ந்து போனால்தானே பிரச்னை? ஒவ்வொருவராக, நேர இடைவெளி விட்டு அனுப்பினால்? ஒவ்வொருவரும் கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட்டால்?

1895 அக்டோபர் 5. 50 மைல் தூரம். அந்த முறையில் முதல் போட்டி நடந்தது. ‘டைம் டிரையல்’ என்று பெயர். யாரும் ரேஸ் என்று சந்தேகப்படக் கூடாது என்பதற்காகக் கறுப்பு உடை. இடத்தின் பெயரை வெளியே சொல்லாமல் ரகசியக் குறியீடு. நேரம், விடியற்காலை. போலீஸ் கண்ணில் படாமல் இருக்க ஆரம்பித்த பழக்கம்தான். ஆனால் அதற்கு இன்னொரு பலனும் இருந்தது. ஊர் எழுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். வாரம் முழுக்க மில்லிலும் ஆபீஸிலும் வேலை பார்த்தவன் ஞாயிறு காலையில் மிதித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். பின்கட்டு இல்லாதவர்களுக்கும் ஒரு பந்தயம் கிடைத்தது. விடியற்காலை என்பது குடும்பஸ்தனின் மைதானம் ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலரை மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு பிட்லேக்கைத் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் பின்பற்றுவது அவருடைய டைம்டேபிளைத்தான்.

* * *

இந்த டைம்டேபிளுக்குள் ஒரு அம்மா நுழைந்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு முழு வாழ்க்கையே சாட்சியாக இருக்கிறது.

பெரில் பர்ட்டன். 1937-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர். சாதாரணக் குடும்பம். சிறுமியாக இருந்தபோது ருமாட்டிக் காய்ச்சல். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். உடம்பை வருத்தும் காரியம் எதுவும் செய்யக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள். வேலைக்குப் போன இடத்தில் சார்லி பர்ட்டன் என்ற இளைஞரைச் சந்தித்தார். சார்லி சைக்கிள் பைத்தியம். 1955-ல் கல்யாணம். 1956-ல் மகள் டெனிஸ்.

பெரிலுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததே சார்லிதான். முதல் வருஷம் மேடு வந்தால் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. இரண்டாம் வருஷம் ஆண்களுக்குச் சமமாக மிதித்தார். மூன்றாம் வருஷம் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது சார்லி செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். தன்னுடைய பந்தய ஆசையைச் சுருக்கிக்கொண்டார். வேலைக்கும் போனார். பெரிலின் சைக்கிளுக்கு மெக்கானிக் அவர். போட்டிகளுக்கு அழைத்துப் போகும் டிரைவர் அவர். பந்தய வழியில் தண்ணீரும் தின்பண்டமும் நீட்டும் கை அவருடையது. பெரில் மிதிக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். 1950-களின் இங்கிலாந்தில் இப்படியொரு புருஷன் அபூர்வம். நம் ஊரில் இன்றைக்கும் கொஞ்சம் அபூர்வம்தான்.

பெரில் என்ன வேலை பார்த்தார்? விவசாயக் கூலி வேலை. லீட்ஸுக்குப் பக்கத்திலுள்ள மோர்லியில் ரூபார்ப் பண்ணை ஒன்று. ரூபார்ப் என்பது சிவந்த, புளிப்பான தண்டு உள்ள செடி. நம் ஊர் கீரைத்தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரர் நிம் கார்லைனும் நெடுந்தூர சைக்கிள் சாம்பியன். மண்ணைக் கொத்துவதும் மூட்டை தூக்குவதும் வேலை. வேலை முடிந்து வீடு, சமையல், துணி, பிள்ளை. இதற்கு நடுவே பயிற்சி. அதையும் மீறி அவர் குவித்ததைப் பாருங்கள்.

உலக சாம்பியன் பட்டம் ஏழு. டிராக்கில் ஐந்து, சாலையில் இரண்டு. பிரிட்டனின் சிறந்த பெண் டைம் டிரையல் வீரர் என்ற பட்டம் 1959-லிருந்து 1983 வரை தொடர்ந்து 25 வருஷம். ஒரு வருஷம்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ராலே கம்பெனி, ஆமாம், நம் தாத்தாக்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து, யாரையும் தொட விடாமல் வைத்திருந்தார்களே, அதே ராலே, காசு தருகிறோம், தொழில்முறை வீராங்கனையாக வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டது. மாட்டேன் என்றுவிட்டார். கடைசி வரை அமெச்சூர். ஒலிம்பிக்ஸ்? பெண்களுக்குச் சைக்கிள் பந்தயம் ஒலிம்பிக்ஸில் வந்ததே 1984-ல்தான். அதற்குள் பெரிலுக்கு 47 வயது.

1967-ல் நடந்ததைத்தான் சைக்கிள் உலகம் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஓட்லி என்ற ஊரின் சைக்கிள் கிளப் நடத்திய 12 மணி நேரப் போட்டி. ஆண்கள் முதலில் கிளம்பினார்கள். பெண்கள் பின்னால். பெரில் ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டே போனார். கடைசியில் முன்னால் இருந்தவர் ஒரே ஒருவர். மைக் மெக்னமாரா. அவரும் அன்றைக்கு ஆண்கள் சாதனையை முறியடிக்கும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். பாவம், பின்னாலிருந்து ஒரு அம்மா வருகிறார். பக்கத்தில் வந்ததும், தாண்டிப் போக பெரிலுக்குச் சங்கடமாக இருந்ததோ என்னவோ, பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அதிமதுர மிட்டாய். மெக்னமாரா வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பெரில் முன்னால் போய்விட்டார்.

அன்று பெரில் கடந்த தூரம் 277.25 மைல். 446 கிலோமீட்டர். காலையில் சென்னையில் கிளம்பினால் சாயங்காலம் மதுரையை நெருங்கியிருப்பார். மெக்னமாரா 276.52 மைல். அது ஆண்களின் புதிய சாதனை. ஆனால் ஒரு பெண் அதைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் அதிகமாக மிதித்திருந்தார்! ஆண்களில் ஒருவர் பெரிலின் தூரத்தைத் தாண்ட 1969 ஆயிற்று. பெண்களில் தாண்ட 2017 ஆயிற்று. ஐம்பது வருஷம்.

இதுவரை சொன்னது பாராட்டு விழா மேடையில் சொல்லக் கூடியது. இனி வருவது வீட்டுக் கதை.

மகள் டெனிஸ் வளர்ந்தார். சைக்கிள் வாசத்திலேயே வளர்ந்த பெண் வேறு எங்கே போகும்? அவரும் பந்தயத்துக்கு வந்தார். 1975-ல் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அடுத்த வருஷம், 1976. பிரிட்டனின் தேசிய சாலைப் பந்தயம். அம்மாவும் மகளும் ஒரே பந்தயத்தில். கூட்டத்தைப் பிரிந்து முன்னால் போனவர்களில் இருவரும் உண்டு. கடைசியில் மகள் பாய்ந்து அம்மாவைத் தாண்டி ஜெயித்துவிட்டார். அம்மாவுக்கு இரண்டாம் இடம். பரிசளிப்பு மேடை. மகள் கை நீட்டினார். அம்மா கை கொடுக்கவில்லை.

எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா என்று கேட்கத் தோன்றும். முன்னால் இழுத்துப் போகும் பாரத்தில் மகள் தன் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவுக்கு ஆத்திரம். சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு அந்தப் பாரம் மிச்சம். மாறி மாறி முன்னால் வருவதுதான் நியாயம். பத்து வருஷம் கழித்து, 1986-ல் வெளிவந்த சுயசரிதையில் பெரில் அந்த நாளைப் பற்றி எழுதினார். தான் அப்போது தன் நிலையில் இல்லை என்ற தொனியில்.

யோசித்துப் பார்த்தால், பெரிலின் அந்தக் கோபம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ‘நான் மட்டும் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறேன், நீங்களெல்லாம் பின்னால் சுகமாக வருகிறீர்கள்’ என்ற புகார் எந்தச் சமையலறையில் கேட்டதில்லை?

கதை அங்கே முடியவில்லை. 1982-ல் அம்மாவும் மகளும் ஒரே சைக்கிளில் ஏறினார்கள். டாண்டம் என்கிற, இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல் உள்ள சைக்கிள். அதில் பத்து மைல் தூரத்தை 21 நிமிஷம் 25 விநாடியில் கடந்து பெண்களுக்கான பிரிட்டிஷ் சாதனை படைத்தார்கள். கை குலுக்காதவர்கள் ஒரே செயினை மிதித்தார்கள்.

1996 மே மாதம். 59-வது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்னால் பெரில் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பந்தயம் எதுவும் இல்லை. தன் பிறந்த நாள் விருந்துக்கு நண்பர்களுக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போனார். வழியில் இதயம் நின்றுவிட்டது. சிறு வயதில் டாக்டர்கள் பயந்த அதே இதயம். எச்சரிக்கையை நாற்பது வருஷம் மிதித்துத் தள்ளியிருக்கிறார்.

* * *

பெரில் வீட்டில் சைக்கிள் நேரத்தைத் தின்றது. நம் தமிழ்நாட்டிலேயே, சைக்கிள் நேரத்தைப் பெற்றுத் தந்த கதை ஒன்று உண்டு.

1991-92. புதுக்கோட்டை மாவட்டம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அறிவொளி இயக்கம் கிராமங்களில் எழுத்தறிவு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. பாடத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத் தரலாமே என்று முடிவெடுத்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? கேலி, கிண்டல், விசில். அவர்கள் சட்டை செய்யவில்லை. 1992-ல் நடந்த காட்சியும் போட்டியும் கலந்த ஒரு நிகழ்ச்சியில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து, 1996-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் சொல்வதில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதும் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போயிற்று. ஏன்? முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! இரண்டாவது, நேரம். பஸ்ஸுக்குக் காத்திருந்து, அண்ணனோ புருஷனோ கொண்டுவிட வேண்டும் என்று நின்ற பெண்கள், சாமானைக் கட்டிக்கொண்டு நாலு ஊர் சுற்றி விற்றுவிட்டு, பிள்ளைகள் பசியோடு நிற்பதற்குள் வீடு திரும்பினார்கள்.

ஒரே சாமான்தான். இரண்டு சக்கரம், ஒரு செயின். ஒரு வீட்டில் ஒருவரின் ஆசைக்காக மற்றவர்களின் நேரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இன்னொரு வீட்டில், யாரையோ எதிர்பார்த்து வீணான நேரத்தை மீட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறது. குற்றம் சைக்கிளுடையது கிடையாது.

* * *

இப்போது சென்னைக்கு வருவோம். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ உள்ள ஃபிளாட்டில், ஹாலின் நடுநாயகமாக சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது என்றால், அந்த வீட்டில் ஒரு அமெச்சூர் இருக்கிறார் என்று அர்த்தம். அதன் நிஜ விலை அநேகமாக வீட்டில் யாருக்கும் தெரியாது. சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது போகட்டும். காசு மறைப்பதைச் சகித்துக்கொள்கிற வீடுகள்கூட நேரம் மறைப்பதைச் சகித்துக்கொள்வதில்லை.

“எட்டு மணிக்கு வந்துடறேன்.”

நிறைய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சண்டையின் ஆரம்ப வரி இதுதான். எட்டு என்பது ஒன்பதாகும். பஞ்சர் என்பார். எதிர்க்காற்று என்பார். நண்பர்கள் இன்னொரு காபி சாப்பிடலாம் என்றார்கள் என்பார். மைலாப்பூர் மாமியார் வீட்டுக்கு பத்து மணிக்குப் போக வேண்டிய குடும்பம், ஒன்பதரைக்கு அவர் குளித்து முடிப்பதற்காக வாசலில் உட்கார்ந்திருக்கும். கிலோமீட்டருக்கு இத்தனை விநாடி மிச்சம் பிடித்தேன் என்று அவர் வாட்ச்சைக் காட்டுவார். வீட்டில் ஒரு மணி நேரம் காணாமல் போன கணக்கு அந்த வாட்ச்சில் இருக்காது.

இதில் ஆண் அமெச்சூருக்கும் பெண் அமெச்சூருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆண் கிளம்பும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். பெண் கிளம்பும்போது இட்லி மாவை வெளியே எடுத்துவைத்து, சட்னியை அரைத்து மூடிவைத்து, ஸ்கூல் யூனிஃபார்மை அயர்ன் பண்ணி மாட்டிவைத்துவிட்டுப் போகிறார். ஆண் தூங்கி எழுந்து கிளம்புகிற சவாரிக்கு, பெண் முந்தின ராத்திரி பத்து மணியிலிருந்தே பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு சார்லி இருந்தால் கதை மாறும்.

சமாளிக்கிற வீடுகளும் உண்டு. அவர்களைக் கவனித்தால் தந்திரம் ஒன்றும் பெரிதில்லை. சனிக்கிழமை ஒருவருக்கு, ஞாயிறு இன்னொருவருக்கு என்று பங்கு போட்டிருப்பார்கள். இன்னொருவர் சைக்கிளே ஓட்ட வேண்டும் என்பதில்லை. பாட்டு கிளாஸ் போகலாம். பெசன்ட் நகர் பீச்சில் தோழியோடு நடக்கலாம். சும்மா எட்டு மணி வரை தூங்கலாம். அதுவும் அவருடைய நேரம். வருஷத்துக்கு எத்தனை போட்டி என்பதை ஜனவரியிலேயே காலண்டரில் குறித்துவிடுவார்கள். பிள்ளைகளின் பரீட்சை மாதத்தில் பெரிய சவாரி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், திரும்பி வரும் நேரம் என்று சொன்னால் அந்த நேரத்துக்கு வந்து நிற்பார்கள். பஞ்சர் ஆனால் போன் பண்ணுவார்கள்.

வெல்கிறவருக்கு மெடல் உண்டு. பந்தய முடிவுத் தாளில் பெயர், நம்பர், தூரம், நேரம் எல்லாம் அச்சடித்துத் தருகிறார்கள். நேரம் கொடுத்தவரின் பெயருக்கு அதில் கட்டம் கிடையாது. அதனால்தான் பெரிலின் ஏழு பட்டங்களைவிட, முப்பது வருஷம் அவர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்ட சார்லியை நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. காற்றை யாராவது ஒருவர் வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எப்போதும் அவரே முன்னால் நிற்க வேண்டும் என்று மட்டும் எந்தப் பந்தயத்திலும் விதி இல்லை.

நாளை மறுநாள் கிளம்புகிறீர்களா? போய்விட்டு வாருங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அதுவும் ஒரு டைம் டிரையல்தான். ஜெயிப்பது அதைவிடக் கஷ்டம்.